வீட்டிலிருந்தே நிரல் எழுதக் கற்க: பேராக் குடும்பங்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சுங்கை சிப்புட் பக்கம் போனால் எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளைப் பார்க்கலாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் வந்துவிட்டது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எஸ்.பி.எம். முடித்த கையோடு தொழிற்சாலை ஷிப்டுக்கோ பேரங்காடி கவுண்டருக்கோ போகிறார்கள். கணினி மேல் ஆசை இருந்தும் பட்டம் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். நிரல் எழுதுவதை வீட்டிலேயே கற்று மென்பொருள் வேலைக்குப் போக முடியும். ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும், வீடு முழுக்க ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் இவற்றை வீட்டுக் குறிப்புகளாகவே எழுதுகிறேன்.

1. புது மடிக்கணினிக்காகக் கடன் வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி ஆயிரம் வெள்ளிக்குள் கிடைக்கும். கற்பதற்கு அது தாராளம். எட்டு ஜிபி ராம், எஸ்.எஸ்.டி. சேமிப்பு இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் கறாராகப் பாருங்கள். கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள். மூடியைத் திறந்து மூடி, கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத இயந்திரங்களை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்கி உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே இலவசம், நிரல் எழுதக் கற்பவருக்கு லினக்ஸ் பழக்கம் பின்னால் வேலையிலும் கைகொடுக்கும்.

2. அந்த ஆயிரம் வெள்ளியும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் பங்குதாரர் ஆனார்கள். துண்டாடப்பட்டு விலைபோய்க்கொண்டிருந்த தோட்டங்களை அந்தப் பணம் வாங்கியது. ஒரு வீட்டில் நாலு பேர் சம்பாதித்தால், ஆளுக்கு மாதம் இருபத்தைந்து வெள்ளி ஒதுக்குங்கள். பத்து மாதத்தில் கணினி வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை கைப்பேசியில் பாடம் படிக்கலாம்.

3. மத்தியான மழைக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிந்தா பள்ளத்தாக்கு இடிக்கும் மின்னலுக்கும் பேர்போன இடம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சார்ஜர், இணைய மோடம் இரண்டையும் சுவரிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

4. எறும்பும் ஈரமும் மடிக்கணினிக்கு எமன். விசைப்பலகை பக்கத்தில் தே தாரிக், பிஸ்கட் கூடவே கூடாது. மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துளை அடைத்துக்கொண்டு சூடேறும். தகரக் கூரை வீட்டில் கேட்கவே வேண்டாம். பலகை மேசை, நேரான நாற்காலி, இடது பக்கம் ஒரு விளக்கு போதும். பயன்படுத்தாத நேரத்தில் பையில் வைத்து, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போட்டு வையுங்கள்.

5. காணொளி டேட்டாவைத் தின்னும். தரத்தைக் குறைத்தால் திரையில் உள்ள நிரல் எழுத்தே தெரியாது. எழுத்து வடிவப் பாடங்களுக்கு டேட்டா மிகக் குறைவு. அவற்றையே பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழியின் முழு விளக்க ஆவணத்தையும் ஒரே தடவை பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே படிக்கலாம். வீட்டில் இணைப்பு இல்லாதவர்கள், முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஈப்போவில் இருப்பவர்களுக்குத் துன் ரசாக் நூலகம் இருக்கிறது.

6. ஒரு மணி நேரம், தினமும், அதே நேரம். அந்தக் காலத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போன வீடுகள் நம்முடையவை. விடியற்காலை ஐந்து மணி நமக்குப் புதிதல்ல. ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள், வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தால் கண் சொக்கும். அவர்களுக்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலுள்ள ஒரு மணி நேரமே நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி நேரம் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் இந்தக் குறிப்பை இரண்டு தடவை படியுங்கள். அண்ணன் படிக்கிறான் என்றால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கிறோம். தங்கை உட்கார்ந்தால் நாலு தடவை அடுப்படிக்குக் கூப்பிடுகிறோம். அவளுக்கும் அதே ஒரு மணி நேரம் முழுசாக வேண்டும். 1945, 46இல் அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்த குழுவினர் ஆறு பேருமே பெண்கள். இது பெண்களுக்கு ஒத்துவராத வேலை என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

7. ஒரே ஒரு மொழியை எடுங்கள், ஆறு மாதத்துக்கு மாற்றாதீர்கள். இணையப் பக்கங்கள் செய்ய ஆசையென்றால் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., பிறகு ஜாவாஸ்கிரிப்ட். கணக்கு, தரவு, அலுவலக வேலைகளைத் தானாக நடக்கச் செய்வது பிடிக்குமென்றால் 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான். எது உசத்தி என்ற வாக்குவாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்று கைவந்தால் அடுத்தது வெகு சீக்கிரம் வரும்.

8. ஆங்கிலம் சரியாக வராது என்று ஒதுங்காதீர்கள். பைத்தானில் கட்டாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய சிறப்புச் சொற்கள் மொத்தமே 35. அவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி, மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். தமிழில் தொடங்க விரும்புவோருக்குக் கணியம் வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளடைவில் ஆங்கிலத்தில் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தர்க்கத்தைத் தமிழில் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலப் பாடம் பாதி பாரமாகத்தான் இருக்கும்.

9. முதல் நிரலை உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து எடுங்கள். 'வணக்கம் உலகமே' என்று திரையில் அச்சிடுவது ஒரு நாள் சந்தோஷம், அவ்வளவுதான். பாட்டி வெட்டிய பாலுக்குக் கிராணி எப்படிக் கணக்குப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டோரில் பாலை நிறுப்பார்கள். அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மழைத் தண்ணீர் சேர்ந்தால் குறையும். கூலி அந்தக் காய்ந்த எடைக்குத்தான். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல் மொழியில் அந்தக் கணக்கு இப்படி இருக்கும்:

கிலோ = 24.5
விழுக்காடு = 32
காய்ந்தது = கிலோ * விழுக்காடு / 100
பதிப்பி காய்ந்தது

விடை 7.84 கிலோ. நாலே வரி. பாட்டிக்குப் படித்துக் காட்டினால் அவருக்கே புரியும். இனி இதை வளர்க்க வேண்டும். கிலோ விலையைக் கேட்டு வாங்கிப் பெருக்கச் செய்யுங்கள். யாராவது 32க்குப் பதில் 320 என்று தட்டிவிட்டால், "விழுக்காடு நூறைத் தாண்டாது" என்று திருப்பிக் கேட்கச் செய்யுங்கள். அடுத்து, ஒரு நாள் கணக்கை ஒரு மாதக் கணக்காக்குங்கள். மழையில் வெட்டில்லாத நாட்களைத் தனியே எண்ணச் செய்யுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். மாறி, நிபந்தனை, சுழற்சி, கோப்பு என்று பாடநூல் பல அத்தியாயங்களில் சொல்லும் சங்கதிகள் எல்லாம் இந்த ஒரு கணக்குக்குள்ளேயே வந்துவிட்டன. எழிலில் புரிந்ததும் இதையே பைத்தானில் திரும்ப எழுதுங்கள். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

10. அடுத்த பயிற்சிக்கு அடையாள அட்டை எண். மைகார்டில் உள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், அதில் பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணைக் கொடுத்தால் பிறந்த நாளையும் மாநிலத்தையும் சொல்லும் நிரல் எழுதுங்கள். எழுதும்போது ஒரு சிக்கல் வரும்: 05 என்றால் 1905ஆ, 2005ஆ? அந்தச் சிக்கலைத் தானே யோசித்துத் தீர்க்கிற பிள்ளை பாதி நிரலர் ஆகிவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். உண்மையான ஆட்களின் எண்களை மட்டும் பயன்படுத்தாதீர்கள். பயிற்சிக்குக் கற்பனை எண்களே போதும்.

11. பிழைச் செய்தி சிவப்பாக வந்தால் பதற வேண்டாம். பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன கோளாறு என்று அங்கேதான் இருக்கும். அதற்கு மேல் எந்த வரியில் என்று எண் இருக்கும். ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு, இடப்பக்கம் பிழைச் செய்தி, வலப்பக்கம் அது ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுதிவாருங்கள். நோட்டு நிறையும்போது ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

12. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் விளக்கம் கேளுங்கள். விடையை எழுதித் தரச் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் சொந்தமாக முட்டிமோதிய பிறகே கேளுங்கள். "இந்த வரி ஏன் தப்பு?" என்று கேட்டால் கற்றுக்கொள்வீர்கள். "எழுதிக் கொடு" என்று கேட்டு ஒப்படைத்தால் நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். காணொளியில் வரும் நிரலையும் நகலெடுத்து ஒட்ட வேண்டாம், கையால் தட்டச்சு செய்யுங்கள். ஒரு முற்றுப்புள்ளியை விட்டு, நிரல் நின்று, பிறகு கண்டுபிடித்தால்தான் கண் பழகும்.

13. தமிழைக் கணினி எப்படிப் பார்க்கிறது என்று ஒரு நாள் செலவழித்துப் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. சரியாக மூன்று என்று எண்ண 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரலகம் இருக்கிறது. அதையே பார்க்காமல் சொந்தமாக எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது. தமிழில் மென்பொருள் என்பது எங்கோ நடந்த கதையும் அல்ல. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985இல் நம் மலேசியாவில் பிறந்தது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துருவை ஆப்பிள் தன் கருவிகளில் சேர்த்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

14. எழுதியதை அன்றன்றைக்குப் பத்திரப்படுத்துங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேர்த்து வைக்கும். கிட்ஹப்பில் இலவசக் கணக்குத் தொடங்கி அதில் ஏற்றிவைத்தால், பழைய மடிக்கணினி ஒரு நாள் உயிரை விட்டாலும் உழைப்பு போகாது. முதலாளிகள் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். கடவுச்சொல்லையும் வங்கி விவரங்களையும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.

15. பத்து நிரலைப் பாதியில் விடுவதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகப் பயன்படுத்தும் ஒன்றை முடித்துக் கொடுங்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் குடும்பங்களைப் பாருங்கள். தீபாவளி நெருங்கினால் முறுக்கு எத்தனை பாக்கெட், காராசேவு எத்தனை, யார் முன்பணம் கட்டினார், யார் வந்து எடுத்துப் போவார் என்று எல்லாமே வாட்ஸாப்பிலும் காலண்டர் பின்பக்கத்திலும் சிதறிக் கிடக்கும். அப்படி ஒரு கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து, அவர் ஆர்டர் எடுப்பதை ஒரு மாலை முழுக்கப் பார்த்து, ஒரு சின்ன ஆர்டர் புத்தகம் செய்துகொடுங்கள். முதல் வாரமே அவர், "இதில் அரை கிலோ போட முடியலையே தம்பி" என்பார். நீங்கள் முழு எண்ணாக வைத்திருந்திருப்பீர்கள். "பேரைத் தேடினால் மூணு முனியாண்டி வர்றாங்களே" என்பார். தொலைபேசி எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். இந்தப் பாடத்தை எந்த வகுப்பும் தராது. கல்லுமலைத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்போரின் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் குழுக்களுக்கும் இதுபோன்ற தேவை இருக்கும். கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று இப்படி முடித்தவரின் விண்ணப்பம் சான்றிதழ்க் கட்டைவிட கனமானது என்பது என் திடமான கருத்து.

16. முதல் ஆறு மாதத்தில் எந்த வகுப்புக்கும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம், ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் ப்ராஜெக்ட் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் இ-லாத்தி தளமும் இலவசம். 2013இல் பாரிஸில் தொடங்கிய '42' என்ற பள்ளியின் கிளை சன்வேயில் இருக்கிறது. அங்கே கட்டணமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மாணவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துத் திருத்துவார்கள். சில வாரங்கள் அங்கேயே இருந்து தேர்வில் தேற வேண்டும் என்பதால் தங்கவும் சாப்பிடவும் பணம் சேர்த்துக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ, பள்ளிப் படிப்பை முடித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்றுவித்துத் தன்னிடமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. பட்டமில்லாமல் நல்ல மென்பொருள் எழுத முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

17. ஆனாலும் படிக்க வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969இல் இருந்து ஈப்போவில் இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிங்கப்பூர் 2023 செப்டம்பர் முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளி முறை வைத்திருக்கிறது. அதில் கல்வித் தகுதிக்கும் புள்ளி உண்டு. வெளிநாட்டு எண்ணம் உள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு பகுதிநேரமாக டிப்ளோமா படிப்பதும் நல்ல வழி.

18. முதல் வேலையின் பெயரைப் பார்க்காதீர்கள். மென்பொருளைச் சோதிக்கும் வேலை, வாடிக்கையாளருக்குத் தொழில்நுட்ப உதவி சொல்லும் வேலை, ஒரு கம்பெனியின் இணையத்தளத்தைப் பராமரிக்கும் வேலை என்று எதுவாக இருந்தாலும் கதவு திறந்தால் உள்ளே போங்கள். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். கோலாலம்பூர் நேர்முகத்துக்கு ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பலாம். வடக்கே பினாங்கின் பாயான் லெப்பாஸையும் மறக்காதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதற்குக் குறைத்துப் பேசினாலும், இ.பி.எஃப்., சொக்சோ பிடிக்க மாட்டோம் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

19. வேலை கொடுக்கிறவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பயிற்சிக் கட்டணம், முன்பணம், விசா செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி மலேசியப் பிள்ளைகளைக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் கொண்டுபோய் மோசடிக் கும்பல்களிடம் அடைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பெயர் தெரியாத கம்பெனி வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

20. பெற்றோருக்கு: "எப்போ சம்பளம் வரும்?" என்று மாதாமாதம் கேட்காதீர்கள். "இந்த வாரம் என்ன செஞ்ச, காட்டு" என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதுதான் பிள்ளைக்கே தனக்கு எது விளங்கவில்லை என்று தெரியும். எட்டு மாதம் ஆகியும் ஒன்றுமே முடிக்காவிட்டால், திட்டாமல், இது அவனுக்கு ஆகுமா என்று சேர்ந்து பேசுங்கள். எல்லாருக்கும் இது பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

21. தனியாகக் கற்பவர் பலர் பாதியில் நிற்பதற்குக் காரணம், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான். அதனால் ஆலய நிர்வாகங்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், தாமான் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை உங்கள் மண்டபத்தையோ ஒரு வகுப்பறையையோ திறந்துவிடுங்கள். நாலு மேசை, ஒரு இணைய இணைப்பு, இரண்டு நீட்டிப்புப் பிளக், ஒரு மின்விசிறி போதும். உங்கள் வட்டாரத்திலிருந்து கோலாலம்பூரிலோ பினாங்கிலோ மென்பொருள் வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார்கள். அவர்களை ஒரு மணி நேரம் அங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.